நிசோமோ வீட்டுக்கு வந்த ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு பெட்டியும்

மாஸ்கோவில் இருந்த காலமெல்லாம் நிசோமோ ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவள் வேலை பார்த்தது சினிமா தியேட்டரில். நகரத்தின் தென்கோடியில் ஒரு பெரிய வணிக வளாகம். அதன் மேல்மாடியில் இருந்த அரங்குகளைக் கூட்டித் துடைப்பது அவள் பொறுப்பு. ஒரு காட்சி முடிந்து விளக்கு எரிந்ததும் உள்ளே ஓட வேண்டும். அடுத்த காட்சிக்கு ஆள் வருவதற்குள் சிந்திய சோளப்பொரியையும் காலிக் கோப்பைகளையும் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அதனால் அவளுக்குத் தெரிந்த படங்களுக்கெல்லாம் முடிவு மட்டும்தான் இருந்தது. யாரோ யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஏன் அழுகிறார்கள் என்பது பார்க்க வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் சத்தம் அவளுக்குத் தெரியும். காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பார்கள். ஆளில்லாத அரங்கில், தகரக் கூரையில் மணல் கொட்டுவதுபோல ‘ஷ்ஷ்ஷ்’ என்று ஒரு இரைச்சல் முன்னால் கேட்கும், பிறகு வலச்சுவரில், பிறகு முதுகுக்குப் பின்னால். கையில் துடைப்பத்தோடு நின்றபடியே நிசோமோ அது போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்புவாள். நாள் முழுவதிலும் அவளுக்குப் பிடித்த நேரம் அதுதான்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், அவள் கவுண்டரில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாள்.

“உனக்கு எதுக்குடி டிக்கெட்? சும்மாவே போய் உட்காரேன்” என்றாள் டிக்கெட் கிழிக்கிறவள்.

“சும்மா போனா கையில துடைப்பம் இருக்கிற மாதிரியே இருக்கும்.”

திரையில் ஒருத்தி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். மழை நிசோமோவின் முதுகுக்குப் பின்னால் பெய்தது. கழிப்பறைக் குழாயை மூடாமல் வந்துவிட்டோமோ என்று பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். பின்வரிசைக்காரன் நிம்மதியாகச் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. இத்தனை வருஷம் தான் துடைத்துக் கொடுத்த அறை எதற்காக இருந்தது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள். படம் முடிந்து விளக்கு எரிந்ததும், பழக்க தோஷத்தில் குனிந்து இரண்டு கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டுதான் வெளியே வந்தாளாம். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் மாஸ்கோ போனது மகள் படிப்புக்குச் சம்பாதிக்க. மகள் படித்து முடித்து, எங்கள் நாட்டுத் தலைநகர் துஷான்பேயில் பல் வைத்தியராகி, கல்யாணமும் செய்துகொண்ட பிறகு மாஸ்கோவில் அவளுக்கு வேலை இல்லை. பாமீர் மலையில், குந்த் ஆற்றங்கரையில் தேஹ்பஸ்த் என்கிற எங்கள் ஊருக்கே திரும்பி வந்தாள். கணவன் கதம்ஷோ, ஊருக்கும் ஹோரோக் பட்டணத்துக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறவன். அவள் இல்லாத வருஷங்களில் தானே சமைத்து, தானே பசு கறந்து பழகியிருந்தான். வந்த கொஞ்ச நாளில் பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கும் ஒரு வேலை கிடைத்தது.

முதல் குளிர்காலத்தை அவள் பார்த்தாள். பனி விழுந்து பாதை மூடிவிட்டால் ஊரில் யாருக்கும் போக இடமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன். ஒருவர் சிரித்தால் மற்றவர் ‘என்ன?’ என்றுகூடக் கேட்பதில்லை. இது அவளுக்கு உறுத்தியது. ஒருநாள் காலையில் உப்புப் போட்ட பால் தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே கணவனிடம் சொன்னாள்.

“வீட்டுல தியேட்டர் வைக்கப் போறேன்.”

“டிவிதான் இருக்கே.”

“டிவி முன்னாலதான்யா பேசும். நான் சொல்றது பின்னாலயும் பேசும்.”

“பின்னால பேசறதுக்குத்தான் ஊர் முழுக்க ஆள் இருக்காங்களே லால், அதுக்குக் கரண்டு வேற செலவா?” என்றான் கதம்ஷோ. அவன் கொஞ்சும்போது மட்டும் அவளை லால் என்று கூப்பிடுவான். மாணிக்கம் என்று அர்த்தம்.

அடுத்த இலையுதிர் காலத்தில் மகளைப் பார்க்க துஷான்பே போனவள், கடைவீதியில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். முதல் கடையில் கூர்மூக்கு பூட்ஸ் போட்ட ஒரு விற்பனைப் பையன் நீளமான கறுப்புக் கட்டை ஒன்றைக் காட்டினான். டிவிக்குக் கீழே வைத்தால் போதும், நாலா பக்கமும் சத்தம் வரும், ஒயரே வேண்டாம் என்றான். நிசோமோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

“போடு தம்பி.”

அவன் போட்டான். ஹெலிகாப்டர் ஒன்று பறந்தது.

“எல்லாம் உன் பக்கத்துலேர்ந்துதான் வருது. என் பக்கம் ஒண்ணும் வரலியே.”

“அக்கா, இது மேல அடிச்சு, கூரையில பட்டு, உங்ககிட்ட திரும்பி வரும். இந்தக் கடையில கூரை ஒசரம், அதான். உங்க வீட்டுல நல்லாக் கேக்கும்.”

“எங்க வீட்டுக் கூரையில நடுவுல ஓட்டை இருக்கு. மேல அடிச்சா வானத்துக்குத்தான் போகும்.”

“பாமீரா நீங்க?” பையன் சிரித்தான். “அங்க பனிக்குள்ள யாருக்கு அக்கா இதைப் போட்டுக் காட்டப் போறீங்க? கரடிக்கா?”

“கரடிக்கும் காதிருக்கு. முன்னால மட்டும் பேசினா அதுக்கும் பிடிக்காது” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

இப்படி எத்தனை கடைகளில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாளோ. சில கடைக்காரர்கள் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே நாற்காலியைத் திருப்பிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆள் உயர ஸ்பீக்கர்களைப் பார்த்தாள். அழகாக இருந்தன, ஆனால் அவற்றை நிறுத்தினால் வீட்டில் மனிதர்கள் நிற்க முடியாது. பூச்சாடி அளவுச் சின்னவற்றைக் கேட்டாள். பாட்டு நன்றாக வந்தது, ஆண் குரல் மட்டும் ஜலதோஷம் பிடித்ததுபோல இருந்தது. கடைசியில் ஒரு வயதான கடைக்காரரிடம் தேடியது கிடைத்தது. நடுத்தர அளவில் ஐந்து ஸ்பீக்கர். அடிவயிற்றுச் சத்தத்துக்கென்று தனியாக ஒரு கனத்த மரப்பெட்டி. எல்லாவற்றையும் ஓட்ட ஒரு ஆம்ப்ளிஃபையர். அதில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்காகவே அதை எடுத்தாள். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் ஏறி இறங்கும் என்பதால் ஒரு ஸ்டெபிலைசர். அப்புறம் ஒரு பழைய புரொஜெக்டர். மாஸ்கோவில் சேர்த்ததில் தனக்கென்று அவள் செலவழித்தது இது ஒன்றுதான். மகள் கம்பளிக் கோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னாள். “பழைய கோட்டே கிழியல” என்றாள் நிசோமோ.

ஊருக்கு வரும் ஜீப்பில் டிரைவர் பெட்டியை மேலே கட்டலாம் என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பீக்கர்களை மெத்தைக்குள் சுருட்டிப் பின்னால் வைத்தாள். மரப்பெட்டியைத் தன் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். தர்வோஸ் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் குனிந்து பார்த்தான்.

“இதுல என்ன?”

“சத்தம்.”

“வெடிக்குமா?”

“இது வெடிக்காது. வீட்டுக்குப் போனதும் என் புருஷனோட அண்ணன்தான் வெடிப்பார்.”

சிப்பாய் சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டான். கொஞ்ச தூரம் தாண்டியதும் மழையில் பாதை அரித்துக்கொண்டு போயிருந்தது. எல்லோரும் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் நின்ற வேறு வண்டியில் ஏற வேண்டியதாயிற்று. நிசோமோ தன் சால்வையை அவிழ்த்து, பெட்டியைக் குழந்தையைப்போல முதுகில் கட்டிக்கொண்டு, பஞ்ஜ் ஆறு கீழே உறும, சேற்றில் நடந்தாள். வழியெல்லாம் அவளைக் கேலி செய்துகொண்டு வந்த இரண்டு பேர் தாங்களாகவே ஸ்பீக்கர் மெத்தைகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

கணவனின் அண்ணன் கரீப்ஷோ அவள் சொன்னதுபோலவே வெடித்தார். எங்கள் வீடுகளுக்கு ஐந்து தூண்கள். ஒவ்வொன்றுக்கும் நபியவர்களின் குடும்பத்தில் ஒருவர் பெயர். கல்யாணமும் பெயர் சூட்டலும் சாவும் அந்தத் தூண்களுக்கு நடுவில்தான். ஐந்து ஸ்பீக்கர் என்று கேள்விப்பட்டதுமே கரீப்ஷோ கணக்குப் போட்டுவிட்டார்.

“தூணுக்கு ஒண்ணா மாட்டப் போறியா? எங்க அப்பா நட்ட தூண்ல ஆணி அடிப்பியா? மாஸ்கோவுல இதைத்தான் கத்துக்கிட்டு வந்தியா?”

“ஆணி அடிக்கிறேன்னு யாரு சொன்னா பெரியண்ணே?”

“யாரு சொல்லணும்? அஞ்சு தூண், அஞ்சு பெட்டி. எனக்குக் கண்ணு இல்லியா?”

அவர் விடவில்லை. ஊர்த் தொழுகையை நடத்தும் கலீஃபாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கலீஃபா உட்கார்ந்து தேநீர் குடித்தார், தூண்களைப் பார்த்தார், ஸ்பீக்கரைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“கரீப்ஷோ, உங்க வீட்டுல ருபாபை எங்கே மாட்டி வச்சிருக்கே?”

“தூண்லதான். அது நாம பக்திப் பாட்டுக்கு வாசிக்கிறது…”

“அப்போ தூணுக்குப் பாட்டு புதுசில்ல. ஆணிதான் புதுசு.” அவர் நிசோமோவைப் பார்த்தார். “ஆணி அடிக்காதம்மா. மத்தபடி தொழுகை நேரத்துல மட்டும் அதை வாயை மூடச் சொல்லு.”

“சரிங்க” என்றாள். ஆணி அடிக்கும் எண்ணம் அவளுக்கு முதலிலிருந்தே கிடையாது. அந்தத் தூண்களைத் தொட்டு முத்தமிட்டுத்தான் அவள் அந்த வீட்டுக்குள் மருமகளாக நுழைந்தாள். இதை அவள் கரீப்ஷோவிடம் சொல்லிக் காட்டவில்லை. கதம்ஷோ பாப்லர் மரத்தில் ஐந்து தாங்கிகள் செய்து கொடுத்தான்.

எதை எங்கே வைப்பது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. கதம்ஷோவை நடுவில் உட்காரவைத்துக் கண்ணைக் கட்டிவிட்டாள். கையில் ஒரு தப்பு மேளத்தை எடுத்துக்கொண்டு சுவரோரமாகச் சுற்றி நடந்து, நின்ற இடத்தில் ஒரு தட்டுத் தட்டுவாள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவன் விரலைக் காட்ட வேண்டும். வலப்பக்கம் சரியாகக் காட்டினான். பின்னாலும் சரி. இடப்பக்கம் போய்த் தட்டினாள். அவன் நேரே முன்னால் காட்டினான். இன்னும் பலமாகத் தட்டினாள். அப்போதும் முன்னால்தான் காட்டினான்.

“விளையாடாதய்யா.”

“நான் எங்க விளையாடறேன்? அங்கேர்ந்துதானே வருது?”

அவள் சத்தமில்லாமல் போய் அவன் இடது காதருகே குனிந்து மெல்ல, “கதம்ஷோ, பசு செத்துப்போச்சு” என்றாள். அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். வலது காதில் சொன்னபோது துள்ளி எழுந்து கண்கட்டை அவிழ்த்தான்.

காலமெல்லாம் ஜன்னலைத் திறந்துபோட்டு ஜீப் ஓட்டியதில், காற்றும் இன்ஜினும் அவனுடைய இடது காதைத் தின்றுவிட்டிருந்தன. அவனுக்கே அது தெரியாது. நிசோமோ அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“படுக்கையிலயும் சரி, சாப்பிடும்போதும் சரி, நான் உன் இடப்பக்கம்தானேய்யா இருப்பேன். நான் சொன்னதெல்லாம்?”

“அதான் நம்ம குடும்பம் இவ்வளவு நிம்மதியா ஓடியிருக்கு” என்றான் கதம்ஷோ.

அவள் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதில் சொல்லாமல் இருந்ததற்காக எத்தனை தடவை மனதுக்குள் அவனைத் திட்டியிருக்கிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அன்றைக்கே அவன் இருக்கையை அறையின் இடது ஓரத்துக்கு மாற்றினாள். எல்லாச் சத்தமும் அவனுக்கு வலப்பக்கமாக வந்து சேரும்படி. அன்றிலிருந்து சாப்பிட விரிக்கும் துணியோரம் அவளும் அவனுடைய வலப்பக்கம் மாறி உட்கார்ந்தாள்.

மரப்பெட்டிக்கு இடம் பார்ப்பது இன்னொரு கூத்து. பெட்டியை மனிதர்கள் உட்காரும் இடத்தில் வைத்து ஓட்டவிட்டு, அவள் மண்டியிட்டுத் தரையெல்லாம் ஊர்ந்து, எந்த மூலையில் அந்தச் சத்தம் கட்டிதட்டாமல் ஒரே சீராகக் கேட்கிறது என்று காதை வைத்துப் பார்த்தாள். எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறதோ அந்த இடத்துக்கே பெட்டியை மாற்ற வேண்டும் என்பது மாஸ்கோவில் யாரோ பேசிக்கொண்டதை அவள் காதில் வாங்கியது. அந்த நேரம் பார்த்துக் கரீப்ஷோ உள்ளே வந்தார்.

“என்ன, கம்மல் தொலைஞ்சு போச்சா?”

“உஷ்ஷ். பேசாதீங்க பெரியண்ணே.”

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தோளைக் குலுக்கினான். அவரும் வாசலிலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

நல்ல இடம் என்று அவள் கண்டுபிடித்த மூலை, மாட்டுக் கொட்டிலை ஒட்டிய சுவர். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்ததும் பசு கறக்க விடாமல் காலை உதறியது. கதம்ஷோ காலிச் செம்போடு வந்து நின்றான். “உன் படத்துல பேய் வந்தா இங்க பால் வரமாட்டேங்குது.” அடுத்த நல்ல மூலைக்குப் பெட்டி போனது. பசுவுக்கு முன்னால் சினிமா தோற்றது அப்படித்தான்.

பனி விழுந்து பாதை மூடிய முதல் சனிக்கிழமை மத்தியானம் ஊரைக் கூப்பிட்டாள். கூரைச் சாளரத்தைக் கம்பளத்தால் மூடி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, சுவரோரம் உட்காரும் மேடைகளிலெல்லாம் மெத்தை விரித்திருந்தாள். உலர்ந்த முசுக்கட்டைப் பழமும் ரொட்டியும் தேநீரும் வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் இந்திப் படம் என்றால் விறகு வெட்டப் போனவனும் கோடாலியைப் போட்டுவிட்டு வருவான். வீடு நிரம்பியது. முதல் பாட்டு வந்தபோது மேளம் ஒரு பக்கமும் புல்லாங்குழல் ஒரு பக்கமும் கேட்க, பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, தாங்கள் திரும்பியதை யாரும் பார்க்கவில்லையே என்று மறுபடி பார்த்துக்கொண்டார்கள். நிசோமோ திரையைப் பார்க்கவே இல்லை. அந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ரயில் வந்தது. கதாநாயகன் தண்டவாளத்தோரம் நின்றுகொண்டிருக்க, ரயில் திரைக்கு வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. பின்சுவரிலிருந்து, தரைக்கு அடியிலிருந்து, மெல்ல ஆரம்பித்துப் பெருகிக்கொண்டே வந்தது. கூரை மரத்திலிருந்து தூசி உதிர்ந்தது.

“மலை இறங்குது!” என்று யாரோ கத்தினார்கள்.

எங்கள் ஊரில் அந்த வார்த்தையைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறவன் கிடையாது. கண் மூடித் திறப்பதற்குள் வீடு காலி. எல்லோரும் காலுறையோடு பனியில் நின்றார்கள். கரீப்ஷோ முதல் ஆளாக வெளியே வந்திருந்தார். இரண்டு கையிலும் இரண்டு குழந்தைகள், இரண்டுமே அவர் வீட்டுக் குழந்தைகள் இல்லை. மலை வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. உள்ளே ரயில் கூவிக்கொண்டு போயிற்று.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். “பெரியவரே, அந்தக் குழந்தைங்களை இறக்கி விடுங்க, ரயில் போயிருச்சு” என்று யாரோ சொல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஜீனத்மோ சிரிக்கவில்லை. வாதுமை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். சில வருஷங்களுக்கு முன்னால் பனிச்சரிவு இறங்கியபோது அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டுக்குள் இருந்த கணவனும் இல்லை. அன்றிலிருந்து தம்பி வீட்டில் இருக்கிறாள். நிசோமோ போய் அவள் கையை மரத்திலிருந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள். அந்த விரல்கள் விறைத்திருந்தன. அவளைத் தம்பி வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபோது, நிசோமோவுக்குத் தன் வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. மற்றவர்கள் மிச்சப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஒரு தட்டு ரொட்டியோடு போனாள்.

“உன் மேல எனக்குக் கோவமில்ல அக்கா” என்றாள் ஜீனத்மோ. “அந்தச் சத்தம் காதுல வராது. பாதத்துல வரும். அன்னிக்கும் எனக்கு அப்படித்தான் வந்துச்சு. குடத்தோட நின்னேன். ஓடக்கூட இல்ல.”

நிசோமோ வீட்டுக்கு வந்து மரப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். சேற்றில் முதுகில் சுமந்து வந்த பெட்டி அது. அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தி, அதன்மேல் ரொட்டித் தட்டை வைத்தாள். அடுத்த சனிக்கிழமை படம் பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

“தண்ணி ஊத்தின பால் மாதிரி இருக்கு நிசோமோ. யானை நடந்தா பூனை நடக்கிற மாதிரி கேக்குது.”

“பூனைப் படம்னு நெனச்சுப் பாரு” என்றாள்.

கரீப்ஷோகூட, பெட்டி வேண்டாம் என்று குதித்த அதே கரீப்ஷோ, “ஒருத்திக்காக ஊரே இப்படிப் பார்க்கணுமா?” என்று கேட்டார்.

“ஊரே உட்காரணும்னுதான் வச்சேன் பெரியண்ணே. ஒருத்தி வெளியில நின்னா அது ஊர் இல்லியே.”

ஆனால் பெட்டியை மூடியும் ஜீனத்மோ வரவில்லை. அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதுகூட ஆற்றோரமாகச் சுற்றிப் போனாள். ஒயரைப் பிடுங்கியது தன் மனதை ஆற்றியதே தவிர அவள் பயத்தை ஆற்றவில்லை என்பது நிசோமோவுக்குப் புரிந்தது.

ஒருநாள் காலை, ஆட்டு மயிர் சிக்கெடுக்கக் கை போதவில்லை என்று ஜீனத்மோவைக் கூப்பிட்டனுப்பினாள். வேலை என்று கூப்பிட்டால் ஜீனத்மோ மாட்டேன் என்று சொல்லமாட்டாள். கூரைச் சாளரம் திறந்திருந்தது. வீடு நிறைய வெயில். இரண்டு பேரும் மயிரைப் பிரித்துக்கொண்டே எது எதையோ பேசினார்கள். மாஸ்கோ தியேட்டரில் குனிந்து கோப்பை பொறுக்கிய கதையைச் சொன்னதும் ஜீனத்மோ சிரித்தாள். அப்புறம்தான் நிசோமோ பெட்டிமேல் இருந்த துணியை எடுத்தாள்.

ஜீனத்மோ எழுந்துகொண்டாள்.

“ஒயர் செருகல. பாரு, கையில இருக்கு.” நிசோமோ ஒயரின் நுனியை அவளிடம் கொடுத்தாள். “முன்னால இருக்கிற இந்தத் துணிக்குப் பின்னால தோல் மாதிரி ஒண்ணு இருக்கு. தப்பு மாதிரிதான். தொட்டுப் பாரு.”

ரொம்ப நேரம் கழித்து அவள் தொட்டுப் பார்த்தாள்.

“பின்னால ஒரு திருகு இருக்கு. இந்தப் பக்கம் திருகினா வரும். அந்தப் பக்கம் திருகினா போகும். ஒயரை நீ செருகு. திருகை நீ பிடிச்சுக்க. நான் கதவைத் திறந்து வச்சிட்டு அங்க நிக்கிறேன்.”

“எதுக்கு அக்கா இதெல்லாம்? நான் படம் பாக்கலேன்னா என்ன குறைஞ்சிடும்?”

“உனக்கு ஒண்ணும் குறையாது. எனக்குக் குறையுது.”

ஜீனத்மோ ஒயரைச் செருகினாள். நிசோமோ அந்த ரயிலையே ஓடவிட்டாள். முதலில் ஸ்பீக்கர்களில் மட்டும் அது மெலிசாக வந்தது. ஜீனத்மோவின் கை திருகில் இருந்தது. மயிரிழை திருப்பினாள். தரை மெல்ல நடுங்கியது. சட்டென்று பின்னால் திருப்பினாள், நின்றுபோயிற்று. மறுபடி திருப்பினாள், வந்தது. திருப்பினாள், போயிற்று. எத்தனை தடவை அப்படிச் செய்தாள் என்று நிசோமோ எண்ணவில்லை. வெளியே போய்ப் பசுவுக்குத் தீனி வைத்துவிட்டு, வேண்டுமென்றே தாமதித்துத் திரும்பி வந்தாள். ஜீனத்மோ பெட்டிமேல் கன்னத்தைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். கை மட்டும் திருகை விடவில்லை.

“நிக்குது அக்கா” என்றாள். “நான் நில்லுன்னா நிக்குது.”

அந்தச் சனிக்கிழமை ஜீனத்மோ வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் இடம் போட்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து, கையைப் பின்னால் விட்டுத் திருகைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு இடி இடித்தபோது பாதி இடிதான் இடித்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நிசோமோ வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது அந்த இடம் ஜீனத்மோவுக்கென்றே ஆகிவிட்டது. எவ்வளவு சத்தம் வேண்டும் என்பது அவள் இஷ்டம். போர்க்களக் காட்சியில் ஒருமுறை சுத்தமாக நிறுத்திவிட்டாள்.

“ஏன் ஜீனத்மோ, நல்ல சண்டையாச்சே!” என்று இளவட்டங்கள் கத்தின.

“குதிரைங்க பாவம்” என்றாள்.

கல்யாணப் பாட்டு வந்தால் மட்டும், நிசோமோவே போய் “போதும்டி, தூண் ஆடுது” என்று சொல்லும்வரை திருகுவாள். அப்போது கரீப்ஷோ கையை விரித்து உட்கார்ந்தபடியே ஆடுவார்.

பனி உருகிப் பாதை திறந்ததும் விஷயம் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று வைத்துக்கொடுக்க வேண்டும் என்று மலைக்கு மேலே ஒரு ஊரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். எந்தக் கம்பெனி, எத்தனை வாட், எங்கே மலிவு என்று கேட்டார்கள். நிசோமோ பள்ளிக்கூடச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். “முதல்ல சொல்லுங்க, அங்க யாரெல்லாம் வந்து உட்காருவாங்க? காது கேக்காதவங்க இருக்காங்களா? எதைக் கேட்டா யாரு பயப்படுவாங்க? பக்கத்துல மாடு இருக்கா?”

வந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

“அப்போ நானே வரேன்” என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, வண்டி எடுக்கச் சொல்லிக் கதம்ஷோவைத் தேடிப் போனாள்.